ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேம் இவ்வளவு புகழுக்கும் தகுதியானதுதானா?

தகுதியானதுதான். ஆனால் "பெரிய மேப், இஷ்டத்துக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம்" என்று யாரோ சொல்லி வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நாம் ஆடும் கதாபாத்திரமான ஆர்தர் மோர்கன் என்ற ஒரு மனிதனோடு நெருங்கிப் பழக வாங்கினால், இதற்கு இணையான ஓப்பன் வேர்ல்டு கேம் (பெரிய உலகில் இஷ்டம்போல் சுற்றும் கேம்) நான் ஆடியதில் இல்லை.

ராக்ஸ்டார் நிறுவனம் 2018 அக்டோபரில் இதை வெளியிட்டபோது முதல் 3 நாளில் மட்டும் 72.5 கோடி டாலர் வசூல். அவ்வளவு எதிர்பார்ப்போடு ஆட உட்கார்ந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது பனிதான். கதை நடப்பது 1899-இல், அமெரிக்காவில். பிளாக்வாட்டர் ஊரில் ஒரு படகுக் கொள்ளை சொதப்பிவிட, ஆர்தர் இருக்கும் டச் வான் டெர் லிண்டின் கொள்ளைக் கும்பல் மலைக்கு ஓடி ஒளிகிறது. ஆழமான பனியில் குதிரைகள் திணறும் இந்த முதல் அத்தியாயத்திலேயே அலுத்துப்போய்க் கேமைத் தூக்கிப்போட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. தயவுசெய்து இதைத் தாண்டிவிடுங்கள். கும்பல் கீழே இறங்கி ஹார்ஸ்ஷூ ஓவர்லுக்கில் கூடாரம் அடித்த பிறகுதான் நம்மை இஷ்டம்போல் சுற்ற விடுவார்கள்.

அதற்கப்புறமும் கேமின் வேகம் அதிகரிக்காது. மானைச் சுட்டால் தோலை உரித்து, குதிரைமேல் ஏற்றி, கசாப்புக்காரரிடம் கொண்டுபோக வேண்டும். நாள் கடத்தினால் அழுகிவிடும். துப்பாக்கியைத் துடைக்காமல் விட்டால் அதன் வலு குறையும். அடிபட்ட குதிரைக்கு உடனே மருந்து கொடுக்கத் தவறினால் அது செத்ததுதான், திரும்பி வராது. நினைத்த ஊருக்கு ஒரே தாவாகத் தாவும் வசதியும் ஆரம்பத்தில் கிடையாது. வேலை முடிந்து வந்து அரைமணி நேரம் ஆட நினைப்பவருக்கு இதெல்லாம் எரிச்சல்தான், அவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். எனக்கோ அந்த உலகத்தை நம்ப வைத்ததே இந்த நிதானம்தான்.

அதைவிடப் பெரிய விஷயம் கும்பல் தங்கும் கேம்ப். மிஷன் (கதையை நகர்த்தும் பணி) எதுவும் எடுக்காமல் அங்கே சும்மா ஒரு சுற்று வாருங்கள். ஒருவர் சமைப்பார், ஒருவர் புலம்புவார், இரவானால் நெருப்பைச் சுற்றிப் பாட்டு. கும்பலில் ஒருவனான லென்னியோடு வாலண்டைன் ஊருக்குக் குடிக்கப் போகும் ஒரு மிஷன் உண்டு. துப்பாக்கிக்கு அதில் வேலையே இல்லை, ஆனாலும் ரசிகர்கள் கொண்டாடுவது அதைத்தான். இப்படிப் பழகவிட்டதால்தான் பின்னால் ஒவ்வொருவராக இழக்கும்போது அவ்வளவு வலிக்கிறது.

குறை என்றால் அது மிஷன்களில். வெளியே அவ்வளவு சுதந்திரம் கொடுத்துவிட்டு, மிஷன் தொடங்கியதும் கையைக் கட்டிவிடுகிறார்கள். காட்டிய பாதையில்தான் போகவேண்டும், சொன்ன இடத்தில்தான் ஒளியவேண்டும். பின்பக்கமாகச் சுற்றிப்போய் எதிரியை மடக்கலாம் என்று கூட்டாளியை விட்டு விலகினால் மிஷன் தோல்வி. 2018-லேயே இது பழைய பாணி. ஐந்தாம் அத்தியாயத்தின் குவார்மா தீவில் இந்தக் கட்டு இன்னும் இறுகிவிடும். மொத்தக் கேமிலும் எனக்குப் பிடிக்காத பகுதி அதுதான்.

கதையை முன்கூட்டியே தெரிந்துகொள்ள (ஸ்பாய்லர்) வேண்டாதவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். இரண்டாம் அத்தியாயத்தில் கடன் வசூலிக்கப் போகும் ஆர்தர், தாமஸ் டவுன்ஸ் என்ற நோயாளியை அடிக்கிறான். அவர் இருமிய ரத்தம் இவன் முகத்தில் தெறிக்கிறது. பத்தோடு பதினொன்று என்று நாமும் கடந்துபோய்விடுவோம். வெகுகாலம் கழித்து செயின்ட் டெனிஸ் நகரத்தில் டாக்டர் சொல்கிறார், ஆர்தருக்குக் காசநோய் என்று. கிருமியை 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனால் அதற்கான மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல்தான். வெப்பமான, வறண்ட இடமாகப் பார்த்துப் போ என்பதற்குமேல் அந்த டாக்டரிடம் வைத்தியம் இல்லை. டவுன்ஸின் மனைவியையும் மகனையும் ஆர்தர் மறுபடி சந்திக்கும் மிஷன்கள் கட்டாயமில்லாதவை, ஆனால் தவறவிடாதீர்கள். ஆர்தராக நடித்த ரோஜர் கிளார்க்குக்கு 2018 கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான விருது கிடைத்தது. இருமல் முற்ற முற்ற அந்தக் குரல் தேய்வதைக் கேட்டால் ஏன் என்று புரியும்.

கம்ப்யூட்டரில் ஆடுவதானால் 150 ஜிபி இடம் ஒதுக்குங்கள். கேம்கள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் அடிக்கடி நல்ல தள்ளுபடி வரும், முழு விலை கொடுக்க அவசரப்பட வேண்டாம். மற்றவர்களோடு இணையத்தில் சேர்ந்து ஆடும் ஆன்லைன் பகுதிக்காக மட்டும் வாங்குவதென்றால் யோசியுங்கள், பெரிய அப்டேட்டுகள் இனி வராது என்று 2022-லேயே ராக்ஸ்டார் சொல்லிவிட்டது.