பேசாத பையனுக்கு கம்ப்யூட்டர் வேலைதான் சரின்னு யாரு சொன்னா?

அக்கா, நீங்க அனுப்புன வொய்ஸ் மெசேஜ் எல்லாத்தயும் கேட்டேன். மகன் ஓஎல் (பதினோராம் வகுப்புப் பரீட்சை) எழுதிட்டு வீட்ல இருக்கான், எந்திரிச்சதும் போன், சாப்புடும்போதும் போன், யாராச்சும் வந்தா உள்காம்பராவுக்குள்ள போய் கதவ சாத்திக்கிறான், மாமா கேட்ட கேள்விக்கு மூஞ்சியப் பாத்து பதில் சொல்லல, கல்யாண வீட்டுக்கு வரமாட்டேங்கிறான்னு எல்லாம் சொல்லிட்டு கடைசில ஒண்ணு சொன்னீங்க: "இவனுக்கு ஆளுகளோட ஒத்துவராது சேர், கம்ப்யூட்டர் பக்கம் ஏதாவது கோர்ஸ் சொல்லுங்க, அதுல யாரோடயும் பேசத் தேவையில்லதானே." அந்தக் கடைசி வரிக்கு மொதல்ல பதில் சொல்றேன், மத்தது பிறகு.

ஐடி வேலைன்னா வாயே தொறக்க வேணாம்னு நம்ம பக்கத்துல நெறைய பேர் நம்புறாங்க. அது சரியில்ல. சாப்ட்வேர் கம்பனிகள்ல நெறைய எடத்துல காலைல வேலை தொடங்குறதே டீமா கூடிப் பேசித்தான், நேத்து என்ன செஞ்சேன், இன்னிக்கு என்ன செய்வேன், எங்க மாட்டிக்கிட்டேன்னு ஒவ்வொருத்தரும் சொல்லணும். மாட்டிக்கிட்டத சொல்லத் தெரியாத பையன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் ஒரே எடத்துல முட்டிக்கிட்டு நிப்பான், மேல உள்ளவங்க இவனுக்கு வேலை தெரியாதுன்னு நெனச்சிடுவாங்க. டெஸ்டிங் வேலைன்னா இன்னும் மோசம், ஒருத்தன் ராத்திரி முழுக்க முழிச்சு எழுதினதுல பிழை இருக்குன்னு அவன்கிட்டயே போய் சண்டை வராம சொல்லணும். அவ்வளவு தூரம் ஏன், ஹட்டன் டவுன்ல போன் ரிப்பேர் கடை வச்சிருக்கவன் டிஸ்ப்ளே மாத்துறதவிட கஸ்டமர சமாளிக்கிறதுக்குத்தான் கூட நேரம் செலவழிக்கிறான். அதனால பேச்சு வரலங்கிறதுக்காக ஒரு துறைய தெரிவு செய்யாதீங்க, போய்ச் சேர்ற எடத்துல அதே பிரச்சின ஏற்கனவே வந்து உக்காந்திருக்கும்.

அடுத்தது, உங்க மகனுக்குப் பேச்சு வராதுன்னு நான் நம்பல. அன்னிக்கு அவன என்கிட்ட கூட்டிட்டு வந்து நீங்க வெளில பெஞ்சுல இருந்தப்ப உள்ள நடந்தத, அம்மாகிட்ட சொல்லவான்னு அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். மொதல்ல போன் கவரோட மூலைய நகத்தால உரிச்சிக்கிட்டே இருந்தான், எந்த சப்ஜெக்ட் புடிக்கும்னு கேட்டா "ம்", ஏஎல் (ஓஎல்லுக்குப் பிறகு வர்ற உயர்தரம்) செய்ய விருப்பமான்னு கேட்டா "தெரியாது". சரின்னு, அவன் போன்ல ஆடுற ஃப்ரீ ஃபயர் கேம்ல, ஸ்குவாட்ல, அதாவது டீம்ல, நீ என்ன செய்வன்னு கேட்டேன். தல நிமிர்ந்திச்சு. நாலு பேர் ஸ்குவாட், கம்பஹா பையன் ஒருத்தன் முன்னுக்கு ஓடுவான், இவன் பின்னுக்கு நின்னு எதிரி எந்தப் பக்கம் வர்றான்னு சொல்லிக்கிட்டே இருப்பானாம். பிறகு ஒரு விஷயம் சொன்னான் பாருங்க, "முன்னுக்கு ஓடுறவன் கோவக்காரன் சேர், விழுந்தா கத்துவான், அதனால மொதல்ல அவன ரிவைவ் பண்ணிட்டு (திரும்ப எழுப்பி விட்டுட்டு), பிறகுதான் எங்க பிழை உட்டான்னு சொல்வேன்." நான் பேனாவ வச்சிட்டேன். கோவத்துல இருக்கவன்கிட்ட எப்ப பேசணும் எப்ப பேசக்கூடாதுன்னு தெரிஞ்ச பையனத்தான் நீங்க ஆளுகளோட ஒத்துவராதுன்னு சொல்றீங்க.

அதோட அந்தப் பேச்செல்லாம் சிங்களத்துல நடக்குது, உங்களுக்குத் தெரியுமா? ஸ்கூல்ல ரெண்டாம் மொழி பாடத்துல வாங்குற மார்க்கும் இவன் வாயில வர்ற சிங்களமும் ரெண்டும் வேற. அரசாங்க வேலைல சேர்ந்தா மத்த அரசகரும மொழிலயும் தேர்ச்சி காட்டணும், தனியார்லயும் பேங்க், ஹோட்டல், கடைன்னு எங்க போனாலும் தமிழும் சிங்களமும் சரளமா பேசுறவனுக்குத் தனி மதிப்புதான். (அவன் படிச்ச சிங்களத்துல பாதி தூஷணமா இருக்கும், அத இன்டர்வியூல பாவிக்க வேணாம்னு நானே சொல்லிட்டேன், சிரிச்சான்.)

அப்ப கேம்ல வர்ற பேச்சு வீட்ல ஏன் வரலன்னு கேப்பீங்க. கேம்ல ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வேலை இருக்கு, என்ன பேசணுங்கிறத அந்த வேலையே சொல்லிடுது, மூஞ்சியப் பாக்கத் தேவையில்ல, பிழைச்சாலும் பத்து நிமிஷத்துல அடுத்த மேட்ச். கல்யாண வீட்ல அப்படி ஒண்ணும் இல்லயே. போய் நிக்கணும், வர்றவங்க எல்லாரும் ரிசல்ட் எப்ப, ஏன் மெலிஞ்சிட்ட, அடுத்து என்ன செய்யப்போறன்னு கேப்பாங்க, அதுக்கெல்லாம் இவன்கிட்ட பதில் இல்ல. உண்மைய சொன்னா பெரியவங்களுக்கே அந்தக் கேள்விகள் புடிக்கிறதில்ல, நாம பல்லக் கடிச்சிக்கிட்டு சிரிக்கப் பழகியிருக்கோம், அவ்வளவுதான்.

இன்னொன்னும் இருக்கு, இதக் கொஞ்சம் பொறுமையா வாசிங்க. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் தேயிலைத் தோட்டத்து ஸ்கூல்ல நல்லா பேசி, நாடகத்துலல்லாம் நடிச்ச புள்ளைக ஆறாம் வகுப்புக்கு டவுன் ஸ்கூலுக்குப் போனதும் வாய மூடிக்கிறத நான் நெறய பாத்திருக்கேன். லயத்துல (தோட்டத்து லைன் வீட்ல) இருந்து வர்றவன், தோட்டக்காட்டான்னு யாராச்சும் ஒருத்தன் ஒரு தடவ சொன்னாப் போதும், மழைநாள்ல சப்பாத்துல சேறோட வந்து நிக்கிறதப் பாத்து நாலு பேர் சிரிச்சாப் போதும். கேம்ல அட்ரஸ் யாரும் கேக்குறதில்ல, அங்க இவன் ஒரு ஐடி நேம், நல்லா ஆடுனா மதிப்பாங்க. உங்க மகனுக்கு அப்படி ஏதும் நடந்திச்சான்னு எனக்கு அவன் சொல்லல, நானும் தோண்டல. நீங்களும் நேரா உக்கார வச்சு விசாரிக்காதீங்க, ஒண்ணா டவுனுக்குப் போற பஸ்ல, ரெண்டு பேரும் ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கும்போது, புது ஸ்கூல் ஆரம்பத்துல எப்படி இருந்திச்சுன்னு கேட்டுட்டு விட்டுடுங்க. சொன்னா அன்னிக்கு சொல்வான், இல்லாட்டி இன்னொரு நாள்.

சரி, என்ன செய்யலாம். பேசு பேசுன்னு தள்ளுறத நிப்பாட்டிட்டு, பேச்சு தானா வர்ற மாதிரி ஒரு வேலைய கைல குடுங்க. எனக்கு மொதல்ல தோணுறது டவுன்ல உள்ள கொமினிகேஷன் கடை, அதான் போட்டோக்கொப்பி எடுத்து போன் ரீலோட் போடுற கடை. 16 வயசு முடிஞ்சிருந்தா ரிசல்ட் வரும் வரைக்கும் அரைநாள் வேலைக்கு சேர்க்கலாம், அதுக்குக் கொறஞ்ச வயசுல வேலைக்கு விடக்கூடாது, சட்டமே இருக்கு. அங்க நாள் முழுக்க கேக்குற கேள்விகள் எல்லாம் சின்னது, எத்தன கொப்பி, ஒரு பக்கமா ரெண்டு பக்கமா, ரீலோட் எவ்வளவுக்கு, நம்பர சொல்லுங்க. மூஞ்சியப் பாக்கணும், ஆனா ரெண்டு செக்கன்தான், பிறகு மிஷினப் பாக்கலாம். ஒரு மாசம் இதையே செஞ்சா முன்பின் தெரியாத ஆளோட பேசுறது ஒரு பெரிய சம்பவமா இல்லாம சாதாரணமாகிடும். இத நான் எந்த பெர்சனாலிட்டி டெவலப்மென்ட் செமினாரவிடவும் நம்புறேன், அந்த செமினார்கள்ல மேடைல ஏத்தி கத்த வைக்கிறாங்க, இந்த மாதிரி புள்ளைக அடுத்த நாள் வரவே மாட்டாங்க.

வேலை கெடைக்கலன்னா லயத்துலயே வேலை இருக்கு. மகள் குவைத்துல இருக்கா, வீடியோ கால் எடுக்கத் தெரியாம பேரன் வர்ற வரைக்கும் போன கைல வச்சிக்கிட்டு இருக்க பாட்டி உங்க லயத்துலயும் இருப்பாங்கதானே? அவங்களுக்கு இவன் வாட்ஸப் போட்டுக் குடுக்கட்டும், எழுத்த பெருசாக்கிக் குடுக்கட்டும், மகளோட படத்த அமத்தினா கால் போற மாதிரி வச்சுக் குடுக்கட்டும். நீங்க கூடப் போகாதீங்க. பாட்டி நூறு கேள்வி கேப்பாங்க, இவனுக்கு எல்லாத்துக்கும் பதில் தெரியும், இவன் ரிசல்ட்டப் பத்தி கேக்க அவங்களுக்கு நேரமே இருக்காது. மாசில தோட்டத்துல காமன் கூத்து, அதான் மன்மதன் கதைய ஆடுற கூத்து, போடுறாங்கன்னா லைட், ஸ்பீக்கர், வீடியோன்னு ஒரு பொறுப்ப அங்க உள்ள அண்ணன்மார்கிட்ட சொல்லி வாங்கிக் குடுக்கலாம். ஆடச் சொல்லாதீங்க, வயர் புடிக்கச் சொல்லுங்க.

வீட்ல நீங்க நிப்பாட்ட வேண்டியது ரெண்டு. வந்தவங்க முன்னுக்கு "இவன் இப்படித்தான், பேசவே மாட்டான்"னு சொல்றது ஒண்ணு. நீங்க மன்னிப்பு மாதிரி சொல்றீங்க, அவனுக்கு அது தீர்ப்பு மாதிரி விழுது. ரெண்டாவது மேட்ச் நடுவுல போன புடுங்குறது. ஆன்லைன் மேட்ச நடுவுல நிப்பாட்டி வைக்க முடியாது அக்கா, இவன் போனா மத்த மூணு பேரும் தோப்பாங்க, அந்த மூணு பேர்தான் இப்பத்திக்கு இவனோட கூட்டாளிக, அவங்க முன்னுக்கு இவன் மானம் போகுது. ஃப்ரீ ஃபயர்னா ஒரு மேட்ச் பத்து நிமிஷம், கூடிப்போனா பதினஞ்சு. "இந்த மேட்ச் முடிஞ்சதும் வா"ன்னு சொல்லுங்க, வரலன்னா அப்ப சத்தம் போடுங்க, அப்ப உங்க பக்கம் நியாயம் இருக்கும். ராத்திரிக்கு போன் காம்பராவுக்குள்ள போகக்கூடாது, சார்ஜ் குசினில, இதுல மட்டும் இறங்கி வராதீங்க. அவங்கப்பா போன ஒடைப்பேன்னு சொன்னதா சொன்னீங்க, வேணாம்னு சொல்லுங்க, வேற போன் வாங்குறது ஒரு நாள் வேலை, மகன் திரும்ப கதைக்க வருஷக்கணக்கா போகும்.

கேம்ல பழகுறவங்க யாருன்னு தெரியாதேங்கிற பயம் நியாயமானது. வீட்டு விலாசம், அம்மாவோட பேங்க் விவரம், போனுக்கு வர்ற ஓடிபி நம்பர் இதெல்லாம் யாருக்கும் குடுக்கக்கூடாது, டைமண்ட் (கேம்ல பாவிக்கிற காசு) தாரேன், உன் கேம் ஐடிய குடுன்னு வர்றவன் திருடன், நேர்ல சந்திக்க கூப்பிட்டா வீட்ல சொல்லாம போகக்கூடாது. இத நீங்க சொல்றதவிட அவனயே உங்களுக்கு விளங்கப்படுத்த சொல்லுங்க.

இது வெறும் கூச்சம்தானா, இல்ல டாக்டர பாக்க வேண்டியதான்னு கேட்டீங்க. உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறுன்னு ஒண்ண நோய்ப் பட்டியல்ல சேத்திருக்கு, 2022ல இருந்து அந்தப் பட்டியல் நடைமுறைல இருக்கு, ஆனா நெறய நேரம் ஆடுறத மட்டும் வச்சு அப்படி சொல்ல மாட்டாங்க. தன்னால நிப்பாட்ட முடியாம, மத்த எல்லாத்தயும்விட அதுவே முக்கியமாகி, படிப்பும் வீடும் கெட்டுப்போறது தெரிஞ்சும் தொடர்ந்து, இது பொதுவா ஒரு 12 மாசமாவது ஓடியிருக்கணும். உங்க மகன் ஓஎல் நேரத்துல அவனாவே கேம டிலீட் பண்ணிட்டு படிச்சிருக்கான், அது நல்ல அறிகுறி. ஆனா தூக்கம் சாப்பாடு விட்டுப்போனா, இல்ல வாழவே புடிக்கலங்கிற மாதிரி ஏதாவது சொன்னா காத்திருக்காதீங்க, 1926க்கு கால் எடுங்க, தேசிய மனநல நிறுவனத்தோட நம்பர், 24 மணி நேரமும் எடுப்பாங்க. சின்ன வயசுல இருந்தே சத்தம் ஆகாது, தினமும் எல்லாம் ஒரே மாதிரி நடக்கணும், பகிடி விளங்காதுன்னு இருந்திருந்தா நுவரெலியா மாதிரி பெரிய ஆஸ்பத்திரில ஒரு தடவ காட்டுறதுல தப்பில்ல. பேய் பிசாசுன்னு பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போக மாமா சொன்னா, அந்தக் காசுல பையனுக்கு ஒரு நல்ல சப்பாத்து வாங்கிக் குடுக்க சொல்லுங்க.

இனி படிப்பு. ப்ரோ பிளேயர் ஆகப்போறேன்னு சொல்றான்னு சிரிச்சீங்க, சிரிக்காதீங்க, 2023ல ஹாங்சோவுல நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டில ஈ-ஸ்போர்ட்ஸுக்கு பதக்கமே குடுத்தாங்க. ஆனா அதுல சம்பாதிச்சு வாழுறவங்க மிகக் கொஞ்சம், மழை பேஞ்சா சிக்னல் போற எடத்துல இருந்துக்கிட்டு அத மட்டும் நம்பி வாழ்க்கைய வைக்க முடியாது, இத அவன்கிட்டயும் நேரா சொன்னேன், ஏத்துக்கிட்டான். கணக்கும் சயன்ஸும் நல்லா வந்தா ஏஎல்ல டெக்னாலஜி பிரிவு பாக்கலாம், தமிழ் மீடியத்துல அது எல்லா ஸ்கூல்லயும் இல்ல, இப்பவே விசாரிச்சு வைங்க. ரிசல்ட் கொறஞ்சா 13 வருட கல்வித் திட்டத்துல தொழில் பிரிவு இருக்கு, ஓஎல் பாஸா ஃபெயிலான்னு பாக்குறதில்ல. இல்லாட்டி என்விகியூ (தேசிய தொழில் தகைமை) கோர்ஸ், அதுல படிப்படியா லெவல் இருக்கு, 4 முடிச்சா ஒரு முழுத் தொழில் தெரிஞ்சவன்னு அர்த்தம், 5, 6 டிப்ளோமா, 7 டிகிரி. ஆனா கோர்ஸ தெரிவு செய்யும்போது குரூப் புராஜக்ட், தொழில் இடத்துல பயிற்சி இருக்கான்னு கட்டாயம் கேளுங்க. ஆன்லைன்ல தனியா உக்காந்து முடிக்கிற சர்டிபிகேட் கோர்ஸ் இவனுக்கு இப்ப வேணாம், அது ரொம்ப சுகமா இருக்கும், அதனாலதான் வேணாங்கிறேன்.

ரிசல்ட் வந்ததும் வாங்க, அவங்கப்பாவுக்கு கொழும்புல இருந்து லீவு கெடைக்கிற கிழமையா பாத்து வந்தா நல்லது. நேரம் கேட்டு நீங்க எனக்கு கால் எடுக்காதீங்க அக்கா, மகன் எடுக்கட்டும். என்ன பேசணும்னு ஒரு தாள்ல எழுதி வச்சிக்கிட்டு வாசிச்சாலும் பரவால்ல, மொத தடவ கட் பண்ணிட்டு ரெண்டாவது தடவ எடுத்தாலும் பரவால்ல. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நான் ஃப்ரீ.