ஒரே கணினியில் செஸ் எஞ்சின்களுக்குள் (செஸ் ஆடும் நிரல்களுக்குள்) போட்டி வைத்தால், தோற்றவர் குறை சொல்ல முடியாதபடி விதிகளை எப்படி அமைப்பது?

கடிகாரத்தைப் பற்றி யோசிக்கும் முன் தொடக்க நிலைகளைச் சரி செய்யுங்கள். பெரும்பாலான தகராறு அங்கேதான் பிறக்கிறது. ஒற்றை த்ரெட்டில் (ஒரே கணக்கீட்டு இழையில்) ஓடும் எஞ்சின், ஒரே நிலைக்குப் பெரும்பாலும் ஒரே நகர்த்தலைத்தான் ஆடும். வழக்கம்போலக் காய்களை அடுக்கி நூறு ஆட்டம் ஓட்டினால், நாலைந்து ஆட்டமே சுற்றிச் சுற்றி வரும்.

ஆளுக்கு நான்கைந்து நகர்த்தல் முடிந்த ஐம்பது நிலைகளை ஒரு கோப்பில் வையுங்கள். ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆட விடுங்கள். எஞ்சின்களின் சொந்த ஓப்பனிங் புத்தகத்தை (முன்கூட்டியே சேமித்த தொடக்க நகர்த்தல்களின் தொகுப்பை) அணைத்துவிட வேண்டும். நிலை வெள்ளைக்குச் சற்றுச் சாதகமாக இருந்தாலும் பரவாயில்லை, அது இருவருக்கும்தானே கிடைக்கிறது? பலமான எஞ்சின்கள் என்றால் சாய்ந்த நிலைகளே மேல். சமநிலையிலிருந்து ஆடினால் டிராவாகவே வந்து குவியும். டி.சி.இ.சி. என்ற செஸ் எஞ்சின் போட்டியில் வேண்டுமென்றே சாய்ந்த ஓப்பனிங்குகளைக் கொடுப்பதும் இதற்காகத்தான்.

எதிராளி யோசிக்கும்போது தானும் யோசிக்கும் பாண்டரிங் வசதியை அணையுங்கள். ஒரே கணினியில் அது எதிராளியின் கோரை, அதாவது செயலியின் கணக்கிடும் பகுதியை, திருடும். ஹாஷ் (அலசிய நிலைகளைச் சேமிக்கும் நினைவகம்) அளவும் த்ரெட் எண்ணிக்கையும் எல்லோருக்கும் ஒன்றே. கற்றதைக் கோப்பில் சேமித்து அடுத்த ஆட்டத்தில் பயன்படுத்தும் வசதி இருந்தால், அதையும் அணையுங்கள்.

எட்டு கோர் உள்ள கணினி, பதினாறு த்ரெட் என்று காட்டக்கூடும். அதை நம்பிப் பதினாறு ஆட்டத்தை ஒன்றாக ஓட்டாதீர்கள். இரண்டு ஆட்டம் ஒரு கோரைப் பங்கு போட்டால் வேகம் குறையும். எந்த நொடியில், யாருக்கு என்று சொல்ல முடியாது. ஆறு ஆட்டத்தோடு நிறுத்துவது நல்லது.

நேரத்துக்கு, பத்து வினாடியும் நகர்த்தலுக்கு 0.1 வினாடி கூடுதலும் போதும். ஆனால் இந்த வேகத்தில் எஞ்சினுக்கும் போட்டி நடத்தும் நிரலுக்கும் இடையே செய்தி போய்வரும் சில மில்லிவினாடியே கொடியை விழவைக்கும், அதாவது நேரம் தீர்ந்து தோற்க வைக்கும். எனவே 50 மில்லிவினாடி சலுகை கொடுங்கள். அதையும் தாண்டினால் தோல்விதான். கிராஷ் ஆனாலும் அப்படியே. மறு ஆட்டம் கிடையாது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தித் தீர்ப்புச் சொல்வதென்றால், இரண்டு எஞ்சினும் ஒத்துக்கொள்ள வேண்டும். நாற்பதாவது நகர்த்தலுக்குப் பின், தொடர்ந்து எட்டு நகர்த்தல் இருவரின் மதிப்பீடும் (சிப்பாய் அளவில்) சுழியிலிருந்து 0.10-க்குள் இருந்தால் டிரா. ஒருவர் காட்டும் எண்ணை மட்டும் நம்பினால், தன் நிலையைத் தவறாக எடைபோடும் எஞ்சினுக்குக் கோட்டைவிட வேண்டிய ஆட்டத்தில் அரைப் புள்ளி கிடைத்துவிடும். புதிதாக எழுதிய, பலம் குறைந்த எஞ்சின்களுக்கு இந்த விதியே வேண்டாம், கடைசிவரை ஆடட்டும். பலகையில் ஐந்து காய் வரை மிஞ்சிய நிலைகளின் சரியான முடிவைச் சொல்லும் சிசிஜி (Syzygy) அட்டவணை ஒரு ஜி.பி.க்குள் அடங்கும், அதை எல்லோருக்கும் கொடுங்கள், அல்லது யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, எண்ணிக்கை. நூறு ஆட்டத்தில் பாதி டிரா, ஒருவருக்கு 55 புள்ளி என்று வையுங்கள். பிழை வரம்பு ஏறக்குறைய ஏழு புள்ளி. உண்மைப் பலம் 48 முதல் 62 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். அதே விகிதம் நானூறு ஆட்டத்திலும் நின்றால் 51.5 முதல் 58.5 என்று சுருங்கும். அப்போதுதான் 'இது பலமானது' என்று சொல்ல இடமுண்டு. பரிசு கொடுக்க நூறு போதும். இரண்டாமிடக்காரர் வாதிட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.