மல்லி 1200, சம்பங்கி 250: எது சின்னது?

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாமா கடை வைத்திருக்கிறார். கிலோ விலையை போனில் பார்க்க ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். குறைந்த விலை முதலில் வரும்படி அடுக்கச் சொன்னால் மல்லி 1200, சம்பங்கி 250, பிச்சி 900 என்று காட்டுகிறது. மாமா சிரிக்கிறார். எங்கே தப்பு சார்?
- கல்லூரி மாணவி, திருமங்கலம்

பதில்: மாமா சிரிக்கட்டும் தாயி. எப்படி ஒப்பிடுவது என்று நீ சொல்லவில்லை, அதுதான் விஷயம். சொல்லாவிட்டால் ஜாவாஸ்கிரிப்ட்டின் சார்ட் (sort, அடுக்கும் கட்டளை) எல்லாவற்றையும் ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துக் கோவையாக மாற்றிவிட்டுத்தான் ஒப்பிடும். நீ எண்ணாகவே கொடுத்திருந்தாலும் விடாது. முதல் எழுத்து 1, 2, 9. அகராதியில் சொல் தேடுகிற மாதிரி அதோடு தீர்ப்பு முடிந்துவிட்டது, 1200 எவ்வளவு பெரிது என்று யாரும் கேட்கவே இல்லை.

சார்ட்டுக்குள் ஒரு ஒப்பீட்டு ஃபங்ஷன் கொடு: அ, ஆ என்று இரண்டு விலைகளை வாங்கி 'அ - ஆ' என்று திருப்பித் தரட்டும். (மாறிகளுக்கு இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் முகம் சுளிக்காது, உன் சீனியர்கள்தான் சுளிப்பார்கள்.) விடை மைனஸ் என்றால் அ முன்னால், பிளஸ் என்றால் ஆ முன்னால், 0 என்றால் இருவரும் வந்த வரிசையிலேயே நிற்பார்கள். இந்தக் கடைசி உறுதி ஜாவாஸ்கிரிப்ட்டின் 2019-க்கான விதிகளில்தான் கட்டாயமானது.

பலர் 'அ > ஆ' என்று எழுதிவைக்கிறார்கள். அது உண்மை, பொய் என்றுதான் சொல்லும்; அதாவது 1 அல்லது 0. மைனஸ் வரவே வராது. பழைய குரோமில் சின்னப் பட்டியல்களுக்கு இது எப்படியோ ஓடியது. 2018-ல் குரோம் 70 சார்ட் செய்யும் முறையை மாற்றியதும் பல தளங்களில் வரிசை குலைந்தது.

வரத்து இல்லாத பூவுக்கு விலைக்குப் பதில் கோடு போட்டிருக்கிறாயா? எண்ணிலிருந்து கோட்டைக் கழித்தால் 'எண் அல்ல' என்று வரும். சார்ட் அதை 0 என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பூ எல்லாப் பூவுக்கும் சமம் என்று நினைக்கும், சுற்றியிருப்பதும் கலையும். அவற்றை முதலிலேயே தனியே எடுத்துவிடு. பைத்தான் 3 மொழியாக இருந்தால் எண்ணையும் ஸ்ட்ரிங்கையும் ஒப்பிட மாட்டேன் என்று பிழை காட்டி நின்றுவிடும். எனக்கு அந்த முரட்டுத்தனம் பிடிக்கும்.

கேள்வி: கம்ப்யூட்டரில் ஊர்ப் பெயர்களை அடுக்கினால் அவனியாபுரத்துக்கு முன்னால் அழகர்கோவில் வருகிறதே, இது அகரவரிசையா?
- வாசகர், மேலூர்

பதில்: இல்லை. ய ர ல வ ழ ள என்று நாம் படித்ததில் வ முன்னால், ழ பின்னால். கம்ப்யூட்டருக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடில் ர, ற, ல, ள, ழ, வ என்று இருக்கிறது. இந்திய எழுத்துகளுக்கெல்லாம் ஒரே சட்டம் போட்ட இஸ்கி முறையிலிருந்து வந்த அடுக்கு அது. அந்த எண்களை வைத்து ஒப்பிட்டால் புள்ளி வைத்த மெய்யும் 'கௌ'வுக்குப் பின்னால் போய் நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் என்றால் மொழிக்கேற்ப ஒப்பிடும் லோக்கேல்கம்பேர் (localeCompare) பயன்படுத்தி, மொழியைத் தமிழ் என்று குறிப்பிடுங்கள். அவனியாபுரம் முன்னால் வந்துவிடும்.