பூச்சி மருந்து ஊற்றியும் ஆடுகள் மெலிகின்றன, தாடை வீங்குகிறது. எந்த மருந்துக்கு மாறலாம்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மந்தை முழுவதுக்கும் அல்பெண்டசோல் கொடுத்தும் பலனில்லை என்கிறீர்கள். மருந்தை மாற்றும் முன் ஒவ்வொரு ஆட்டின் கீழ் இமையையும் பாருங்கள்.

நிழலில் வேண்டாம், நல்ல வெளிச்சத்தில் பிடியுங்கள். கட்டைவிரலால் மேல் இமையை மூடி லேசாக அமுக்கிக்கொண்டு, இன்னொரு விரலால் கீழ் இமையை இழுத்தால் உள்சதை பிதுங்கித் தெரியும். நல்ல சிவப்பாக இருந்தால் அந்த ஆட்டுக்கு மருந்தே வேண்டாம். வெளிறிக் காகிதம்போல் இருந்தால் அன்றைக்கே மருந்து. இரண்டுக்கும் நடுவில் இருந்தால், குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் குட்டி போட்ட தாய்க்கும் மட்டும் கொடுங்கள். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையும் இந்த நிறத்தைத்தான் ஐந்து படியாகப் பிரிக்கிறது. மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

காரணம் இதுதான். தாடையில் நீர் கோப்பது பெரும்பாலும் ஹீமாங்கஸ் புழுவின் வேலை. நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். 5,000 புழு சேர்ந்தால் கால் லிட்டர்! கழிச்சல் பெரும்பாலும் இருக்காது என்பதால், புழுக்கை கெட்டியாக விழுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். சதுப்பில் மேய்ந்த ஆடு என்றால் ஈரல் புழுவாலும் இதே வெளிறல் வரும், அதற்கு மருந்து வேறு.

மந்தையில் கொஞ்ச ஆடுகள்தான் பெரும்பாலான புழுவைச் சுமக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஊற்றினால் மருந்துக்குத் தப்பிய புழு மட்டுமே மிஞ்சி முட்டையிடும். சிவந்த இமை ஆடுகளை விட்டுவைத்தால் மருந்துக்குச் சாகும் புழுவும் மேய்ச்சலில் கலந்திருக்கும். நீலகிரிச் செம்மறிகளில் அல்பெண்டசோல் வகைக்கு மட்டுமல்ல, வேறு மருந்துகளுக்கும் எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது. நம் பழனி மலையிலும் கவனமாகத்தான் இருக்க வேண்டும்.

அப்புறம், செம்மறி அளவையே வெள்ளாட்டுக்கும் ஊற்றுகிறார்கள். வெள்ளாட்டின் உடல் மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடுவதால் பல மருந்துகள் கூடுதலாகத் தேவை. ஆனால் லெவாமிசோல் என்ற பூச்சி மருந்து கொஞ்சம் மிஞ்சினாலும் ஆபத்து. எடை போட்டு, கால்நடை மருத்துவரிடம் கேட்டே ஊற்றுங்கள். சினையான முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது.

மேல்மலைப் பக்கம் பனியும் தூறலுமாகவே கிடக்கும். புழுவின் இளம்பருவம் அந்த ஈரத்தில்தான் புல்லில் ஏறும், அதுவும் பெரும்பாலும் தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்குள். பனி உலர்ந்தபின் ஓட்டுங்கள், புல் மொட்டையாகும்வரை ஒரே இடத்தில் விடாதீர்கள். காப்பித் தோட்டத்துக் கல்யாண முருங்கையை வெட்டிக் கட்டித் தொங்கவிட்டால், வெள்ளாடு அண்ணாந்து தின்னும், புழுவும் ஏறாது.

மருந்து கேட்கிறதா என்று தெரிய, கொடுக்கும் அன்றும் 14 நாள் கழித்தும் அதே ஆடுகளின் புதுப் புழுக்கையைத் தனித்தனி கவரில் போட்டு கால்நடை மருத்துவமனையில் முட்டை எண்ணச் சொல்லுங்கள். முட்டை 95 சதவீதமாவது குறையாவிட்டால் அந்த மருந்தை நிறுத்திவிடலாம்.