அடிவயிறு மட்டும் ஏன் அசைய மறுக்கிறது?

நாற்பதைத் தாண்டியவர்களின் தொப்பை பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில். மருத்துவர், உணவியல் நிபுணர், பிசியோதெரபிஸ்ட் மூவரும் சேர்ந்து எழுதியவை.

வயது 47. இரண்டு பிரசவமும் சிசேரியன். ஆறு மாதமாகத் தினமும் 45 நிமிடம் நடக்கிறேன். மூன்று கிலோ குறைந்தது. முகம் வற்றிப்போய், பார்க்கிறவர்கள் எல்லாம் “என்ன, சுகர் வந்திருக்கா?” என்று கேட்கிறார்கள். தொப்புளுக்குக் கீழே மட்டும் அப்படியே இருக்கிறது. நான் என்ன தப்பு செய்கிறேன்?
*வாசகி, கரூர்*

நடையில் தப்பில்லை. எந்த இடத்துக் கொழுப்பு முதலில் கரைய வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. பலருக்கு முகமும் கழுத்தும் முதலில் வற்றும். அடிவயிற்றில் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு கடைசியாகத்தான் இறங்கும். மாதவிலக்கு நிற்கும் வயது நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் குறைகிறது. அதுவரை தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்கும். உங்கள் வயதில் பலருக்கும் நடப்பதுதான் இது.

இருந்தாலும், கண்ணுக்குத் தெரியும் மேடு முழுவதும் கொழுப்புதானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். காலையில் வெறும் வயிற்றில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதங்களைத் தரையில் பதியுங்கள். ஒரு கையின் விரல்களைத் தொப்புளுக்கு மேலே குறுக்காக வைத்து, தலையையும் தோளையும் மட்டும் மெல்லத் தூக்குங்கள். நடுவில் ஒரு பள்ளம் தட்டுப்படும். அதன் அகலம் எத்தனை விரல் என்று பாருங்கள். தொப்புளுக்கு நேராகவும், இரண்டு அங்குலம் கீழேயும் இதையே செய்யுங்கள். இரண்டு விரலுக்கு மேல் அகலம் இருந்தாலோ, விரல் ஆழமாக உள்ளே போனாலோ, பிரசவத்தில் விலகிய வயிற்றுத் தசைகள் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். பத்து கிலோ குறைத்தாலும் இந்த மேடு போகாது, ஏனென்றால் தளர்ந்த தசை வழியே குடல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதற்கான பயிற்சி மூன்றாவது பதிலில் இருக்கிறது. இருமும்போது தொப்புளருகில் உருண்டையாக ஏதாவது எழும்பினால் அது ஹெர்னியாவாக இருக்கலாம். பயிற்சி தொடங்கும் முன் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இனி, சிசேரியன் தழும்பு. தழும்பு உள்ளே ஒட்டிக்கொண்டு தோலைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தால், அதற்கு மேலே உள்ள சதை மடிந்து தொங்கும். எடை குறையக் குறைய மடிப்பு மெலியும், முழுசாக மறையும் என்று சொல்ல முடியாது. மிஞ்சும் தொங்கு தோலை எந்தப் பயிற்சியும் எண்ணெயும் சுருக்காது. இதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் உங்களையே குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

45 நிமிட நடையில் செலவாவது 150 முதல் 180 கலோரி. மாலையில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் அதைச் சமன் செய்துவிடும். அதனால் நடையை விடாமல், வாரம் மூன்று நாள் தசைக்கான பயிற்சியைச் சேருங்கள். முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. நடை மட்டும் அதைத் தடுத்து நிறுத்தாது.

எடை மெஷினைத் தினமும் பார்க்காமல் இஞ்ச் டேப்பை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், டேப் தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு வரும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு செ.மீ. இறங்கும்.

வயது 52. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் பானை மாதிரி கெட்டியாக இருக்கிறது. மூன்று வேளையும் அளவாகத்தான் சாப்பிடுகிறேன். காலை உணவை நிறுத்திவிடலாமா?
*வாசகர், திருப்பூர்*

நிறுத்த வேண்டாம். உங்கள் வயிற்றைக் கையால் பிடித்துப் பாருங்கள். மெத்தென்று கைக்குள் வந்தால் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு. பிடிபடாமல் விறைப்பாக இருந்தால் கொழுப்பு உள்ளே, கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேர்ந்திருக்கிறது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடுவது இந்த இரண்டாவது வகை. சாப்பாட்டைச் சரிசெய்தால் முதலில் இறங்குவதும் இதுதான். வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள்.

“அளவாக” என்பதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். சாம்பாருக்கு ஒரு கப், ரசத்துக்கு ஒரு கப், மோருக்கு ஒரு கப் சாதம் என்றாலே 600 கலோரி. தட்டில் குவியல் ஒருமுறை கூடப் பெரிதாகத் தெரியாது. வெந்த சாதத்தை அளப்பதைவிட அரிசியாக அளப்பது நல்லது. 200 மில்லி டம்ளர் நிறைய அரிசி சுமார் 165 கிராம், 570 கலோரி. அதை இருவருக்கு ஒரு வேளைக்கு என்று வையுங்கள். பொரியலும் கூட்டும் சாதத்தின் அளவுக்குத் தட்டில் இருக்க வேண்டும். முதலில் அவற்றில் பாதியைச் சாப்பிட்டுவிட்டுச் சாதத்தில் கை வைத்தால் இரண்டாவது முறை கேட்கத் தோன்றாது.

அடுத்து எண்ணெய். மாதம் வாங்கும் லிட்டரை வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். நான்கு பேருக்கு 4 லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம், 270 கலோரி. 2 லிட்டருக்குக் கொண்டுவந்தால் அதில் பாதி மிச்சம். பாட்டிலைச் சாய்த்து ஊற்றாமல் டீஸ்பூனால் எடுப்பதொன்றே பெரிய மாற்றம். டீ ஐந்து வேளை, வேளைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே 50 கிராம், 200 கலோரி. இரவு மதுப் பழக்கம் உண்டென்றால் 60 மில்லி பெக் ஒன்றுக்கு 140 கலோரி, தொட்டுக்கொள்ளும் மிக்சர் தனி.

இப்படி ஒரு நாளைக்கு 400, 500 கலோரி குறைந்தால் வாரம் சுமார் அரைக் கிலோ இறங்கும். அதற்கு மேல் அவசரப்பட்டால் தசையும் சேர்ந்து கரையும், உங்களுக்கோ கை காலில் தசை ஏற்கெனவே குறைவு. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சாதத்தைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். மருந்தின் அளவு பற்றி மருத்துவரிடம் பேசிவிட்டே சாதத்தைக் குறையுங்கள்.

தினமும் படுத்து எழும் பயிற்சி 100 முறை செய்தேன். இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம். தும்மினால் சிறுநீர் கசிகிறது. (வயது 44)
*வாசகி, நாகர்கோவில்*

இன்றே நிறுத்துங்கள். படுத்து எழும்போது வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் வயிற்றுத் தசைகள் சேரும் தளர்ந்த நடுக்கோட்டை வெளியேயும், சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசையைக் கீழேயும் தள்ளுகிறது. கசிவு அதனால்தான். மேலும், வயிற்றுத் தசைக்கு வேலை கொடுத்தால் அதன் மேல் இருக்கும் கொழுப்பு கரையும் என்பது நடப்பதில்லை.

உள்ளிருந்து தொடங்குங்கள். மல்லாந்து முழங்கால் மடக்கிப் படுத்து, வாயால் மூச்சை மெதுவாக விட்டபடி, சிறுநீரை அடக்குவதுபோல் கீழ்த்தசையை மேலே இழுத்து, அடிவயிற்றை முதுகை நோக்கி உள்வாங்குங்கள். ஐந்து விநாடி, பத்து முறை. இடுப்பு எலும்பின் உட்புறம் விரலை வைத்தால் தசை மெல்ல இறுகுவது தெரியும். துள்ளி வெளியே தள்ளினால் தவறாகச் செய்கிறீர்கள். இது கைவந்த பிறகு, அதே இறுக்கத்தோடு ஒரு குதிகாலைத் தரையில் தேய்த்தபடி நீட்டி மடக்குங்கள், காலுக்குப் பத்து. முதுகுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்திருங்கள். கால் நீளும்போது துண்டு தளர்ந்தால் முதுகு வளைகிறது, அந்தத் தூரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து இடுப்பை மேலே தூக்கி இறக்குவது 12 முறை, நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 முறை. ஒவ்வொன்றும் மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள். எளிதாகிவிட்டால் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைப் பிடித்துக்கொண்டு எழுங்கள். மூச்சை அடக்காதீர்கள். எந்தப் பயிற்சியிலாவது நடுவயிற்றில் கூரை முகடுபோல் மேடு எழும்பினால் அதை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். பன்னிரண்டு வாரம் கழித்தும் கசிவு இருந்தால் மகப்பேறு மருத்துவரிடமோ, பெண்களுக்கான பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள்.

கொள்ளு, தேன் கலந்த வெந்நீர், இடுப்பு பெல்ட் மூன்றும் செய்கிறேன். சைவம். வேறு என்ன சேர்க்கலாம்?
*வாசகி, மயிலாப்பூர்*

பெல்ட்டில் போவது வியர்வை, தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும். ஒரு மேசைக்கரண்டி தேனில் 60 கலோரி இருக்கிறது, கொழுப்பைக் கரைக்கும் சக்தி இல்லை. கொள்ளை விடாதீர்கள், நூறு கிராமில் 22 கிராம் புரதம். “கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்றதற்கு நாம் சொல்லக்கூடிய காரணம் அதுவும் நார்ச்சத்தும்தான், பசியை நெடுநேரம் தாங்கும்.

சைவச் சமையலில் குறைவது புரதம். 60 கிலோ எடைக்கு நாளைக்கு 60 கிராம் வேண்டும். காலையில் 60 கிராம் பச்சைப்பயறு அரைத்த தோசை 14 கிராம் தரும். மதியம் பருப்பு, தயிர், சாதம் சேர்ந்து 19. மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 8. இரவு இரண்டு சப்பாத்தியும் 75 கிராம் பனீரும் 19. காபிக்கான பால் 200 மில்லியில் 6. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கை மருத்துவரைக் கேட்காமல் பின்பற்றக் கூடாது.

வயது 56. மாதவிலக்கு நின்று நான்கு வருடம். இரண்டு மாதத்தில் வயிறு பெருத்துப் பாவாடை நாடா எட்டவில்லை. கை, கன்னம் இளைத்துவிட்டது. இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. எந்த டயட் எடுக்கலாம்?
*வாசகி, விருத்தாசலம்*

அம்மா, டயட் எதுவும் வேண்டாம். கொழுப்பு இரண்டு மாதத்தில் இப்படிச் சேராது, சேர்ந்தாலும் கன்னம் இளைக்காது. வயிற்றில் நீர் கோத்திருக்கலாம், சினைப்பையில் கட்டி இருக்கலாம், கல்லீரல் காரணமாக இருக்கலாம். எது என்று பார்த்தால்தான் தெரியும். இந்த வாரமே அரசு மருத்துவமனையிலோ பக்கத்தில் உள்ள மகப்பேறு மருத்துவரிடமோ போங்கள். வயிறு முழுவதற்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். சாப்பிடாமல் காலையில் போங்கள். அடிவயிற்றையும் பார்க்க வேண்டும் என்பதால் ஒரு மணி நேரம் முன்பு தண்ணீர் குடித்து, சிறுநீர் கழிக்காமல் இருங்கள். கால் வீக்கம், திரும்ப ரத்தப்போக்கு இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, மகளையோ மருமகளையோ துணைக்குக் கூட்டிப் போங்கள்.