அறுவைக்குப் பின் முயலுக்கு என்ன பக்குவம்?

கேள்வி: எங்கள் ஆண் முயலுக்கு அடுத்த மாதம் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யவிருக்கிறோம். வீட்டில் பெண் முயலும் உண்டு. பிறகு எவ்வாறு பேணுவது?
– வாசகி, காரைக்குடி

பதில்: தையலைவிட வயிற்றையே முதலில் கவனியுங்கள். முயலின் குடல் ஓயாமல் இயங்க வேண்டியது என்பதால், 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் மறுநாள்வரை காத்திராமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். உலர்புல்லும் தண்ணீரும் எப்போதும் எட்டும்படி இருக்கட்டும். கொத்தமல்லித்தழையின் வாசனைக்குப் பெரும்பாலும் மூக்கு அசையத் தொடங்கிவிடும். பற்களை நறநறவென்று கடித்து, கூனி உட்கார்ந்தால் வலி என்று பொருள். நம் வீட்டு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஆத்தங்குடிக் கல் தளம் குளிர்ச்சிதான், ஆனால் வழுக்கும். மரத்தூளைத் தவிர்த்து, பழைய பருத்தித் துண்டை விரித்து, காயத்தை நாளுக்கு இருமுறை பாருங்கள். அறுவைக்குப் பிறகும் சில வாரங்கள் விந்தணு எஞ்சியிருக்குமாதலால், பெண் முயலை 6 வாரம் தனியே வையுங்கள்.