லாபம் என்று எதை எடுக்கிறோம்?

அன்புள்ள ஐயா,

அம்பத்தூர் எஸ்டேட்டில் பல வருடங்களாக சிஎன்சி ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறேன்; கம்ப்யூட்டர் மெஷினில் மற்ற கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கிற வேலை. எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். வருகிற லாபத்தில் குடும்பம் வசதியாக இருக்கிறது. அண்ணாநகரில் வீடு வாங்கவும் யோசனை. என் மைத்துனரோ, "எல்லாத்தையும் வீட்டுக்கே எடுத்துட்டுப் போனா கம்பெனி எப்ப வளரும்? இன்வெஸ்டரைப் பாருங்க" என்கிறார். நான் செய்வது தவறா?

— அம்பத்தூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தவறில்லை. குடும்பம் நன்றாக வாழத்தானே தொழில் தொடங்கினீர்கள்? ஆனால் லாபம் என்று நீங்கள் எடுக்கும் தொகை முழுவதும் லாபம்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

கொட்டேஷன் போட, பார்ட்டியிடம் பேச, ராத்திரி மெஷின் நின்றால் ஓடிவர ஒரு மேனேஜரை வைத்தால் என்ன சம்பளம் கேட்பார்? அதை முதலில் கழியுங்கள். அது உங்கள் உழைப்புக்கான கூலி. அடுத்தது மெஷின். வருமான வரிக்காக ஆடிட்டர் பொதுவாக ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதுவார். அது ஏட்டில் மட்டும் கழிகிறது, பணம் பேங்கிலேயே கிடக்கிறது. அதனால் அதையும் நம் பணம் என்று எடுத்துவிடுகிறோம். மெஷினின் சுழலும் தண்டான ஸ்பிண்டில் போய் புது மெஷின் தேவைப்படும்போது கையில் ஒன்றும் இருக்காது. விதைநெல்லைப் பொங்கிச் சாப்பிடுகிற காரியம் இது. இந்த இரண்டும் போக மிஞ்சுவதை முழுக்க எடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் வீட்டுக்கு முன் பட்டறையைக் கவனியுங்கள்.

இன்வெஸ்டர் விஷயத்தில் மைத்துனர் அவசரப்படுகிறார். நம் சென்னையிலேயே இரண்டு வழிக்கும் சாட்சி இருக்கிறது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய சாஃப்ட்வேர் கம்பெனி ஜோஹோ வெளியார் முதலீடு வாங்காமலே வளர்ந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் 2010-இல் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் முதலீட்டாளர்களோடு வளர்ந்து 2021-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. உங்கள் பட்டறைக்கு மதிப்பு உண்டா என்று பார்க்க இன்னொரு கேள்வி போதும்: நீங்கள் மூன்று மாதம் படுத்துவிட்டால் ஆர்டர் வருமா? ரேட்டும் செட்டிங்கும் உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால், ஒரே பார்ட்டியை நம்பி ஓடினால், விற்கப் போகும்போது பழைய இரும்பு விலைதான் கிடைக்கும். அந்த எட்டுக் குடும்பங்களும் அன்றைக்கே தெருவுக்கு வரும். என் மனதை உறுத்துவது இதுதான்.

பட்டறை உங்கள் ஒருவர் பெயரில் மட்டும், புரோப்ரைட்டர்ஷிப்பாக இருந்தால் ஜிஎஸ்டி பதிவு உங்கள் பான் எண்ணில்தான் இருக்கும். உங்களுக்குப் பின் பிள்ளைகள் நடத்துவதானால் அவர்கள் பெயரில் புதுப் பதிவு வாங்க வேண்டும். பார்ட்னர்ஷிப்பும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பங்குதாரர் இறந்ததும் அது கலைந்துவிடும். உரிமையாளருக்குப் பின்னும் நீடிக்கிற எல்எல்பி (பொறுப்பு வரையறுத்த பங்குதாரர் நிறுவனம்), பிரைவேட் லிமிடெட் பற்றி இந்த வருடமே ஆடிட்டரிடம் பேசுங்கள். மெஷினை செட் செய்யும் ஒரு செட்டருக்குக் கொட்டேஷன் போடக் கற்றுக்கொடுங்கள்.

வீட்டைத் தாராளமாக வாங்குங்கள், வீட்டுக் கடனிலேயே வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுக்க மட்டும் சிசி (கேஷ் கிரெடிட்) கடன் கணக்கில் கை வைக்காதீர்கள். அது ராடு வாங்கவும், பார்ட்டி பணம் வரும்வரை சம்பளம் போடவும் பேங்க் கொடுத்த பணம்.